தொட்டியில் சேர்த்து வைக்கத் தகுந்தவை

சாமி, மண்புழு மாமிசத்தில் சேருமா சேராதா என்று உங்களுக்கு முன்னால் இருந்த சாமியாரிடம் போன வருஷமே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது என் தப்புதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

என் மகன் அருள்நாதனுக்கு இரண்டாம் கல்யாணம் செய்ய, சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரிடம் உத்தரவு வாங்கித் தரும்படி கேட்டு வந்தேன். "மொதப் பொண்ணு எப்படிச் செத்துதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க ராயம்மா, அதையும் வெச்சுத்தான் அனுப்பணும்" என்றீர்கள். மறைக்க என்ன இருக்கிறது? கொஞ்சம் நீளமாகப் போகும். பேச்சை எடுத்தால் நிறுத்தத் தெரியாதவள் என்று ஊருக்கே தெரியும்.

ராஜமேரி பெங்களூர்ப் பெண், தாயில்லாமல் வளர்ந்தவள். அப்பா சவுரியப்பன் அங்கே ஒரு பூங்காவில் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர். மற்றவர்கள் மகளுக்குப் பாத்திரம் பண்டம் கொடுப்பார்கள். இவர் கண்ணாடித் தொட்டி கொடுத்தார். மொரப்பூர் ஸ்டேஷனில் இறக்கி, வைக்கோல் சுற்றி, மாட்டு வண்டியில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். மீன்கள் பைகளில் இருந்தன.

தொட்டியில் தண்ணீரை நிரப்பி, பையோடு மீனை மிதக்கவிட்டாள். ஏன் என்றேன்.

"புதுத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா பழகணும் அத்தே. திடீர்னு உட்டா செத்துப்போயிடும்."

நல்ல யோசனைதான். அவளை அன்று மத்தியானமே கொட்டகையில் சாணி அள்ள அனுப்பினேன்.

எதை எதோடு சேர்ப்பது என்பதில் ரொம்பக் கறார். ஒரே மாதிரித் தண்ணீர் கேட்க வேண்டுமாம். ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று போகாத அளவு இருக்க வேண்டுமாம். குணமும் பார்க்க வேண்டுமாம். கப்பி நாலு, மோலி இரண்டு, வால் நீண்ட சிவப்பு மீன் இரண்டு, அவ்வளவுதான் சேர்த்தாள். தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும் என்று வேண்டாமென்றாள். அருள்நாதன் லாரி ஓட்டுகிறவன், பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீடு வருவான். ஆசையாகக் கோடு போட்ட மீன் ஒன்று வாங்கி வந்தான். "அது மத்ததுங்க வாலைக் கடிக்குங்க" என்று அதே லாரியில் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"மீனுக்கு இத்தனை பாக்கறியே, உங்கப்பன் உன்ன எங்க வூட்ல சேக்கறப்ப இதெல்லாம் பாத்தாரா?" என்று கேட்டேன்.

"பாத்தாருங்க அத்தே. நீங்க கடிக்க மாட்டீங்கன்னு நெனச்சாரு" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். வாய் இருக்கிற பெண் என்று தெரிந்துகொண்டேன்.

சாமி, வயிறு நிறைந்தால் எல்லா மீனும் நல்ல மீன். தினமும் மண்புழுவும் கருவாட்டுத் தூளும் விழுகிற இடத்தில் சண்டை எப்படி வரும்? அவள் அளவு பார்த்தாள், தண்ணீர் பார்த்தாள், பசியில் பார்க்கவில்லை. யார் யாரோடு ஒத்துப்போவார்கள் என்பது பசியில் அல்லவா தெரியும்?

தபசுகாலம் வந்தது. எங்கள் வீட்டில் நாற்பது நாளும் ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாம் வயிற்றைக் கட்டுவதும் அந்தப் பக்கம் புழு தின்பதும் அடுக்குமா? விபூதிப் புதனன்று தீனியை நிறுத்தினேன். ராஜமேரிக்கு அப்போது ஐந்து மாதம். அவளுக்கும் ஒருவேளைதான் என்றேன்.

பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒருசந்தி இல்லை என்று பழைய சாமியார் வருஷா வருஷம் முதல் ஞாயிற்றுப் பூசையில் சொல்வார், அந்த வருஷமும் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அந்த ஞாயிறு மாடு கன்று போடும் என்று சொல்லி அவளை வீட்டில் நிறுத்தியிருந்தேன். மாடு சித்திரையில்தான் போட்டது.

முதல் வாரம் மீன்கள் மரியாதையாகத்தான் இருந்தன. இரண்டாம் வாரம் ஒரு மோலி கப்பியின் வாலைக் கொறித்தது. அப்புறம் ஒரு கப்பி குஞ்சு போட்டது, போட்டதைத் தானே தின்றது. ராஜமேரி வயிற்றில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அத்தே, ஒரே ஒரு கிள்ளு போட்டுடறங்க."

"பாஸ்கா திருநாள் முடியட்டும், போடலாம்."

ஒரு நாள் கொல்லையிலிருந்து வந்தேன். தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தாள். கையில் அவள் அப்பா அனுப்பிய கருவாட்டுத் தூள் டப்பா.

"என்னாடி அது?"

"மீனுக்குங்க அத்தே."

"மீனு வெளிய வந்து உன் மோவாயிலயா தின்னுச்சு?"

மோவாயைத் துடைத்துக்கொண்டாள். எதிர்த்து ஒரு பேச்சில்லை. டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்குத்தான் அவள்மேல் எனக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது.

கடைசி வாரத்தில் தொட்டியில் ஒரே ஒரு கருப்பு மோலி. கண்ணாடியில் படிந்த பாசியைத் தின்றுகொண்டு யாரையும் எதுவும் கேட்காமல் இருந்தது. பார்க்கவே மனசுக்கு நிறைவாக இருந்தது.

பெரிய வியாழனன்று ராஜமேரி கிணற்றடியில் விழுந்தாள். வலி எடுத்துவிட்டது என்றாள். ஏழாம் மாதத்தில் என்ன வலி என்றேன். மறுநாள் பெரிய வெள்ளி, எங்கள் வீட்டில் வண்டி பூட்டும் வழக்கமில்லை. பக்கத்து வீட்டுக் காளியப்பன் தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். இந்துக்கள்தானே, அவர்களுக்கு நம் ஆசாரம் தெரியாது. திருப்பி அனுப்பினேன். சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம், பாதி வழியில் முடிந்துவிட்டது. தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்தோம்.

பட்டினி போட்டது நான்தான். தடுத்ததும் நான்தான். செத்துவிடுவாள் என்று வெள்ளிக்கிழமை காலையிலேயே எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன் சாமி, கடைசிவரை அவள் யாரையும் கடிக்கவில்லை. அப்படி ஒரு மருமகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் வாய்க்கவில்லை.

அதனால்தான் வேறெங்கும் பெண் தேடவில்லை. அவள் தங்கை பாக்கியமேரியையே கேட்டேன். அதே தண்ணீரில் வளர்ந்தவள் பாருங்கள். மூத்தவளுக்கு விஷக் காய்ச்சல் என்று சவுரியப்பனிடம் சொல்லியிருக்கிறேன், பாவம், சரியென்றுவிட்டார். அக்காள் தங்கை என்பதால்தான் மேற்றிராணியார் உத்தரவு வேண்டியிருக்கிறது. தாமதிக்காமல் அனுப்புங்கள். கல்யாண ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறும் வாசித்துவிட்டால் விபூதிப் புதனுக்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிடலாம். அப்புறம் நாற்பது நாளில் இந்தப் பெண் எப்படி என்பதும் தெரிந்துவிடும்.