மஞ்சள் வயரில் வந்த தெளிவு

இந்த நூலக ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும், மேல்மாடியில் குடியிருந்தாலும் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அதிகம் காணப்படும் வங்கி மேலாளர் அவர்களே. முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே. அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே. பேச்சு நீண்டால் நழுவிவிடலாம் என்று வாசலோரம் நிற்கும் நண்பர்களே. எல்லோருக்கும் என் வணக்கம்.

'அறிவியலும் அன்றாட வாழ்வும்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். அறிவியல் எங்கே இருக்கிறது? ஆய்வுக்கூடத்திலா? ஆகாயத்திலா? அணுவுலையிலா? எங்கள் வீட்டில் அது தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால், தூசியோடு தூசியாக இருந்தது.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கண்ணாடித் தகட்டில் தேய்த்த இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்து, நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது என் பணி. இருப்பதை இல்லை என்றாலும் ஆபத்து. இல்லாததை இருக்கிறது என்றாலும் ஆபத்து. என் கண்ணை நம்பித்தான் என் பிழைப்பு.

இப்படிப்பட்டவள் வீட்டுக்கு என் கணவர் ஒரு டிவிடி பிளேயர் வாங்கி வந்தார். சாதாரண பிளேயர் அல்ல. பழைய டிவிடியையும் உயர்தெளிவுக்கு ஏற்றிக் காட்டும் பிளேயர். அதுவும் மலிவு விலையில்.

யாரோ 'இன்னுமா டிவிடி' என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அலமாரி நிறைய அடுக்கி வைத்திருப்பவரிடம் அதைக் கேட்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

அவரே மாட்டினார். வயர்களைச் செருகினார்; மஞ்சளில் மஞ்சள், சிவப்பில் சிவப்பு, வெள்ளையில் வெள்ளை. காடு ஒன்றைப் பற்றிய படம் ஓடியது. என் நாத்தனார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நம் தலைவர் அவர்கள், இலையின் நரம்பை எண்ணலாம் போலிருக்கிறது என்று பாராட்டினார். தலைவர் சிரிக்கிறார், மறுக்கவில்லை, கவனியுங்கள்.

நானும் பார்த்தேன். நின்று பார்த்தேன். நெருங்கிப் பார்த்தேன். நேற்று எப்படியோ, இன்றும் அப்படியே.

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றேன்.

"இவ்வளவு பேரு சொல்றோம், உனக்கு மட்டும் தெரியலன்னா, போய்க் கண்ணக் காட்டு" என்றார் கணவர்.

"அண்ணி, வயசாகுதுல்ல, ஒத்துக்கோங்க" என்றாள் நாத்தனார். அவள் என்னைவிட இளையவள். அதை ஒருநாளும் மறக்க விட்டதில்லை.

சிரித்துவிட்டுப் போனேன். ஆனால் மறுநாள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. வீட்டிலே எல்லோருக்கும் தெரிவது எனக்குத் தெரியவில்லை என்றால், இந்தத் தகட்டிலே என்னென்ன தெரியாமல் போகிறதோ? பார்த்ததையே பார்த்தேன். பார்த்த பின்பும் ஐயப்பட்டேன். கடைசியில் தலைமை மருத்துவரிடம் போய், கொஞ்ச காலம் தகடுகளை வேறொருவர் பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அன்று முதல் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

கண் மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்து, கண்ணில் குறையே இல்லை என்றார். வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் சற்றே யோசித்துவிட்டு, "அந்த டாக்டர் வீட்ல இந்த மாதிரி பிளேயர் இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

தாய்மார்களே, பொறுமைக்கும் ஓர் எல்லை இல்லையா? அந்த எல்லையில்தானே அறிவியல் பிறக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரும் பார்க்காதபோது, வயர்களைப் பிடுங்கிப் பரணிலிருந்த பழைய பிளேயரில் செருகி, அதைத் துணிக்குப் பின்னால் ஒளித்தேன். புதியது தன் நீல விளக்கை எரியவிட்டபடி சும்மா வீற்றிருந்தது. எல்லோரையும் கூப்பிட்டேன். தலைவர் அவர்களும் வந்திருந்தார். அதே காடு ஓடியது.

"இன்னிக்கு இன்னும் பளிச்சுன்னு இருக்குல்ல?" என்றார் கணவர். நாத்தனார் ஆமாம் போட்டாள். தலைவர் நரம்புகளை எண்ண ஆரம்பித்தார்.

நான் துணியை விலக்கினேன்.

தலைவர் எண்ணுவதைப் பாதியில் விட்டார். அப்புறம், வயர்களைத் திரும்ப மாட்டுவதற்காகப் புதிய பிளேயரைத் திருப்பினேன். அதன் பின்பக்கத்தில் அகலமான ஒரு குழி, யார் விரலும் படாத புதுசாக, காலியாக இருந்தது. கூட வந்த கையேட்டைப் புரட்டினால், ஏற்றிக் கொடுக்கும் தெளிவெல்லாம் அந்த வழியாகத்தான் வருமாம். மஞ்சள் வயரில் வந்தது பழைய படமேதான். கடைக்குப் போய்க் கேட்டோம். "அந்த கேபிள் தனிங்க. நீங்க கேக்கவே இல்லையே" என்றார் கடைக்காரர், தூசி தட்டிக்கொண்டே.

வாங்கி வந்தோம். மாட்டினோம். அன்றுதான் ஐயா, காடு காடாக இருந்தது. இலை இலையாக இருந்தது. முதலில் சொன்னவள் நான்தான்: "இப்பத் தெரியுது. நல்லாவே தெரியுது."

என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல. இது முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு" என்றார். நாத்தனாரும் அதையே சொன்னாள். நம் தலைவர் அவர்கள் வீட்டில் வேலை இருப்பதாக எழுந்துகொண்டார்.

கைதட்டலைத் தலைவருக்கே உரித்தாக்குகிறேன்.

மறுநாள் என் இருக்கைக்குத் திரும்பினேன். தலைமை மருத்துவர் ஒரு தகட்டை நீட்டினார். ஏற்கெனவே பார்த்த இருவர், ஏதோ இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். யாரோ ஒரு சின்னப் பெண்ணின் இரத்தம்; தாய் வெளியே காத்திருந்தாள். நான் மூலைக்கு மூலை பார்த்தேன். தகட்டுக்கு நாங்கள் ஊற்றும் சாயம் படிந்த கறை இருந்தது. நோய் இல்லை.

"ஒண்ணும் இல்ல, சார்."

"ரெண்டு பேரு இருக்குன்னு சொல்லியிருக்காங்க."

"சொல்லியிருக்கலாம், சார். எனக்குத் தெரியல. மறுபடி இரத்தம் எடுத்துப் பாக்கலாம்."

எடுத்தார்கள். சாயத்தை மாற்றிப் பார்த்தார்கள். தாயும் மகளும் மருந்துக்கடைப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்குப் போனார்கள்.

அன்பர்களே, ஊரே தெரிகிறது என்றாலும், உங்களுக்குத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல்லுங்கள். உறவே தெரியவில்லை என்றாலும், உங்களுக்குத் தெரிந்தால், தெரிகிறது என்று சொல்லுங்கள். உரக்கச் சொல்ல வேண்டாம். ஒருமுறை சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லுக்காக எங்கோ ஒருத்தி வெளியே காத்துக்கொண்டிருக்கக்கூடும்.

வாசலோரத்திலிருந்து நழுவாமல் நின்றவர்களுக்கும், அடுப்பை மறந்து அமர்ந்திருந்த தாய்மார்களுக்கும், என் கணவரின் அனுமதியின்றி அவரைப் பற்றிப் பேச இடம் தந்த தலைவருக்கும் நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்.