‘தெரியவில்லை’ என்று திரைக்குச் சொல்லிக்கொடுத்த அம்புஜவல்லி அம்மையாருக்கு

ஸ்ரீமுஷ்ணம் தந்த திருமகளே, எங்கள் பாலிடெக்னிக்கின் பெருமகளே, கணக்கு வகுப்பில் கால்வைத்து, கணினி வந்ததும் ஐம்பதாம் வயதில் ஜாவா நிரல்மொழியைத் தாமே கற்றுத் தெளிந்து, முப்பத்தோர் ஆண்டு முகம் சுளிக்காமல் கற்பித்த அம்மையீர், வணக்கம்!

தங்கள் பெருமைகளைச் சொல்லத் தொடங்கினால் பொழுது போதாது. ஆகவே தாங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லிப் பாராட்டப்போகிறோம். இதென்ன கூத்து என்று பார்க்கும் பிள்ளைகளே, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், கண்ணுகளா.

2004-இல் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பட்டறைக்கு, சூளையின் வெப்பத்தைத் திரையில் காட்டும் ஜாவா நிரலை எழுதித் தந்தீர்கள். ஒருநாள் வெப்பமானியின் கம்பி அறுந்தது. அளவைப் படித்துவரும் மெத்தடில், அதாவது நிரலின் அந்தச் சிறு பகுதியில், எக்செப்ஷன் என்னும் இடர் எழுந்தது. அதைப் பிடிக்க ‘கேட்ச்’ இருந்தது. பிடித்தபின் என்ன செய்வதென்று அதற்குள் ஒரு வரிகூட இல்லை. பிழை ஓசையின்றி அடங்க, திரையில் பழைய அளவே நின்றது. அதை நம்பிச் சூளை பார்த்த தொழிலாளிப் பெண் தனக்கோடி, சூளையை எரிக்கும் எண்ணெயைக் குறைக்கவில்லை. ஜாடிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நாளை முதல் வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார் முதலாளி.

கேள்விப்பட்டு ஓடினீர்கள், நிரலைத் திறந்து பார்த்தீர்கள். அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாத வரிகள்தாமே, பேசாமல் மூடிவிட்டு வந்திருக்கலாம். தாங்கள் சொன்னதோ வேறு: “இந்தம்மா மேல தப்பில்லீங்க. எழுதினது நான். கம்பி அறுந்தத மறைச்சது என் நிரலு.”

கம்ப்யூட்டர்கூட கமுக்கமாக இருக்குமா டீச்சர் என்று முதலாளி கேலி பேசினார். அங்கே அழுதுகொண்டிருந்த தனக்கோடிக்கோ ஆர்வம் வந்துவிட்டது. “தெரியலன்னா தெரியலன்னு அது சொல்லக் கூடாதாம்மா? நெருப்போட நெறத்தப் பாத்தே நான் கண்டுபுடிச்சிருப்பனே.”

அந்தக் கேள்வியோடு அங்கேயே உட்கார்ந்தீர்கள். அளவு கிடைக்காத மெத்தட், பாவம், என்னதான் செய்யும்? அதன் தலைவரியிலேயே ‘த்ரோஸ்’ என்று அறிவித்தீர்கள்: என்னிடமிருந்து இன்ன இடர் வரக்கூடும், என்னை அழைப்பவரே ஆயத்தமாக இருங்கள் என்று. அழைத்த மெத்தட் அவ்விடரைப் பிடித்து, மணியடித்து, ‘அளவு தெரியவில்லை, சூளையை நேரில் பார்க்கவும்’ என்று காட்டியது. முதலாளி தாமே கம்பியைக் கழற்றி மாட்டிச் சோதித்தார். தனக்கோடியை மறுநாள் வரச் சொன்னார்.

அதன்பின் காலியான கேட்ச் எழுதிய மாணவர் எவரையும் தாங்கள் திட்டியதில்லை. “உள்ள நடந்தது யாருக்குத் தெரியணும்?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்திலேயே நிற்பீர்கள்.

தங்கள் பணிநிறைவு விழாவான இதற்குத் தனக்கோடியை அழைத்தோம். சூளை எரிகிறதாம், இன்று அவர் முறையாம். சொல்லியனுப்பியிருக்கிறார்: “டீச்சர் நல்லா இருக்கணும். நான் வேலையில இருக்கேன்னு சொல்லுங்க.”

அதற்கு மேலொரு வாழ்த்து எங்களுக்கு எழுத வரவில்லை. கண்ணொளி மங்காமல், கைகால் நோகாமல், கேட்கும் ஆசை குறையாமல் நெடுங்காலம் வாழுங்கள், அம்மா.

விருத்தாசலம்
31.5.2008

வழியனுப்ப மனமில்லாத
தங்கள் உடன்பணியாளர்கள்