மாதவி எடுத்த புத்தகங்கள்

இருந்தவர்கள்: ரோசலின், மலேசியாவில் கிள்ளான் நகரத்தின் ஒரு சிறிய நூலகத்தில் நூலகர். உஷாராணி, அவருடைய உதவியாளர். வேலாயுதம், பக்கத்துப் பண்டமாரான் ஊர்க்காரர், லோரி ஓட்டுநர். மாலை ஐந்தே முக்கால்; ஆறு மணிக்கு நூலகம் அடைப்பு.

— மாதவியோட புத்தகப் பட்டியலை உங்க போன்லேருந்து எடுக்கணுமா? எல்லாரும் காட்டுன்னு கேட்டுத்தான் வருவாங்க அண்ணே.

— எடுத்துடு தங்கச்சி. என் ஹென்போன்ல மாதவி பேரு வரக்கூடாது. அவ என்ன புத்தகம் எடுக்கறா, எந்தக் கிளையில எடுக்கறா, ஒண்ணும் எனக்குத் தெரியக்கூடாது. ஆறு மாசமா பார்த்தாச்சு, போதும் லா.

— மகளா அங்கிள்? ரெண்டு பேருக்கும் ஒரே லைப்ரரி குடும்ப அட்டையா?

— அவளுக்குப் பன்னெண்டு வயசுல நான்தான் கையெழுத்துப் போட்டேன். இப்ப இருபத்தாறு. உங்க புது சிஸ்டம் இன்னும் சின்னப் பிள்ளைன்னு நினைச்சு அப்பனுக்குக் காட்டுது.

— அது வந்து... இருங்க, என் கண்ணாடி எங்க? உஷா, இது வட்டமா சுத்திக்கிட்டே இருக்கு.

— மூணு தடவை அமுக்கிட்டீங்க அக்கா. ஒரு தடவைதான்.

— முன்னெல்லாம் அட்டையைக் கிழிச்சா முடிஞ்சது.

— எப்படியாவது கிழி தங்கச்சி.

— அண்ணே, அவ வீட்டை விட்டுப் போயி ரெண்டு வருஷம். ஒரு போன் இல்ல. இதாவது இருக்கட்டுமே.

— ஏன் போனான்னு தெரியுமா? தீபாவளி அன்னிக்கு அவ ஹென்போனைப் பிடுங்கி, கூட்டாளிக்கு அவ எழுதினதை எல்லாம் சொந்தக்காரங்க முன்னாடி சத்தமா படிச்சேன். ஒவ்வொரு வரியா. சாக்கு சொல்றதுக்கு அன்னிக்கு நான் குடிக்கக்கூட இல்ல. மறுநாள் காலையில அவ ரூம் காலி.

— ஐயோ அங்கிள்.

— ஐயோதான். இப்ப என்ன பண்றேன்? திரும்பவும் அவளைப் படிக்கறேன், அதுவும் அவளுக்குத் தெரியாம.

— வெறும் புத்தகப் பேருதானே அண்ணே.

— பேரு போதும். தூக்கம் வராதவங்களுக்குன்னு ஒரு புத்தகம் எடுத்தா. ரெண்டு தடவை ரினியூ பண்ணா. ரவாங் கிளை. சரக்கை இறக்கிட்டு நேரா ரவாங் போயிட்டேன். லைப்ரரிக்கு எதிர்ல லோரியை நிறுத்தி மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

— பார்த்தீங்களா?

— இறங்கவே இல்ல. போன வாரம் மறுபடி போனேன். இறங்கிட்டேன். வாசல் வரைக்கும். அடுத்த தடவை உள்ள போயிடுவேன். என்னை எனக்குத் தெரியும் தங்கச்சி. பேசிட்டு வர்ற ஆளு இல்ல நான், கையைப் பிடிச்சு இழுப்பேன். அப்புறம் அவ ரவாங்கையும் விட்டுட்டு ஓடணும்.

— ஒரு வாரம் பொறுத்து வாங்களேன். நல்லா யோசிச்சு...

— யோசிச்சுத்தான் லீவு போட்டு வந்திருக்கேன். ஏன் இப்படி இழுத்தடிக்கற?

— அதுக்கில்ல அண்ணே. எடுத்துட்டா, திரும்பப் போட அவ சம்மதம் வேணும். நாளைக்கு நீங்க வந்து அழுதாலும் நான் போட முடியாது.

— அதான் வேணும்.

— ...உஷா, எங்க அமுக்கணும்?

— கீழ, சிவப்பா இருக்கு பாருங்க அக்கா. அங்கிள், அவங்களுக்கு ஒரு மெயில் போகும், பரவாயில்லையா?

— என்னன்னு போகும்?

— வேலாயுதம் இனிமே உங்க பட்டியலைப் பார்க்கமாட்டாருன்னு.

— நானா விட்டேன்னு அவளுக்குத் தெரியுமா?

— தெரியும் அங்கிள். நீங்க கேட்டு எடுத்ததுன்னு அதுலயே இருக்கும்.

— அப்ப அமுக்கு.

— அமுக்கியாச்சு அண்ணே. உங்க ஹென்போனைப் பாருங்க.

— என் பேரு மட்டும் இருக்கு. கீழ ஒண்ணுமே இல்லையே.

— நீங்க ஒரு புத்தகமும் எடுத்ததில்லையே அங்கிள்! பதினாலு வருஷமா மெம்பர்.

— எடுத்ததில்லதான். தங்கச்சி, அந்தத் தூக்கம் வராதவங்க புத்தகம் இங்க ஒண்ணு இருக்கா?

— இருக்கு. இந்தாங்க. ரெண்டு வாரத்துல கொண்டாந்துடுங்க.

— சரி. வரேன்.

— பார்த்துப் போங்க அண்ணே. உஷா, கதவை அடைச்சிடு.

— பூட்டிட்டேன் அக்கா. பாவம் அவரு. பழைய அட்டையை வச்சு சிஸ்டம் தானா இணைச்சிருக்கும். நம்ம தப்புதான்.

— தானா இணைக்கல உஷா. ஆறு மாசத்துக்கு முன்னாடி மாதவியே போன் பண்ணி இணைக்கச் சொன்னா. எனக்கு ஒண்ணும் புரியல, எங்கெங்க அமுக்கணும்னு அவதான் பொறுமையா ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தா. ‘அப்பா பார்க்கட்டும் ஆன்டி, நான் சொன்னேன்னு மட்டும் அவருக்குச் சொல்லிடாதீங்க’ன்னா.