சாவி இல்லை என்ற வண்டி

“சாவி என் கையிலதான் கீது மாமா. வண்டி, சாவி இல்லன்னுது.”

கும்மிடிப்பூண்டி ரயில் கவரப்பேட்டையை விட்டுக் கிளம்பியபோது, எதிரே இருந்தவர் ஸ்பீக்கரில் போட்டிருந்த செல்போனில் அவர் மனைவியின் குரல் நடுங்கியது. அவரை அழைத்துப்போகப் சாவி பக்கத்தில் இருந்தாலே பட்டனில் கிளம்பும் புதுக் காரோடு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ஓரம் காத்திருக்கிறாள். பக்கத்துக் கம்பெனியில் ஏதோ வாயு கசிந்து சங்கு ஊதுகிறது. அந்தச் சங்கு அவள் குரலுக்குள் நுழைந்து நுழைந்து வெளியேறியது.

“எறங்கி ஓடு செல்வி.”

“பாப்பாவ தூக்கிக்கினு எப்பிடி? கதவத் தொறந்தாலே கண்ணு எரியுது.”

“ஸ்டார்ட் பட்டன் மேல சாவிய வச்சு அமுக்கு.”

“அமுக்கிட்டேன். கேக்கல.”

“காலைல நல்லாதான ஓடுச்சு? சாவிய இன்னா பண்ண?”

“கண்ணு படக்கூடாதுன்னு கோயில்ல குடுத்த செப்புத் தகட்ட அதும்மேல சுத்திக் கயித்தால கட்டினேன். இப்பதான், உனக்காகக் காத்துக்கினு இருக்கச்சொல்லோ.”

“அடியே, தகட்டுக்குள்ள வச்சா சிக்னலு எப்பிடி வரும்? பிரி!”

“சாமி தகடு மாமா...”

“சாமி கோச்சுக்காது. பிரி!”

“முடிச்சு இறுகிக்கிச்சு.”

“பல்லால கடி!”

அவர் தன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பெட்டியே காதாகிக் கிடந்தது. பிறகு போனுக்குள் கார் இன்ஜின் உறுமியது.

“ஏசி, ஃபேனு எதுவும் போடாத, வெளிக்காத்து உள்ள வரும். மெட்ராஸ் பக்கம் போ. எங்கியும் நிக்காத.”

“நீ?”

அவள் விட்டு ஓடும் இடத்துக்கே ரயில் எங்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. ஜன்னல் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின.