விதி பதினான்கு

இந்த அறையின் சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தி ஓடுகிறது. வந்து உட்கார்ந்ததும் என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நேரம் குறிப்பது பல வருடமாக என் வேலை, கண் தானாக அங்கே போய்விடுகிறது. வாக்குமூலத்தின் தலைப்பில் நேரம் எழுதும்போது மட்டும் என்னைக் கேட்டு எழுதிக்கொண்டால் நல்லது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. சாவி கையில் இருந்தும் ஏன் திறக்கவில்லை என்று. பதிலையும் நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். "பெத்த பொண்ணு உள்ள இருக்கு, அதிர்ச்சியில கை கால் ஓடலையா சார்?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். எங்கள் மேஜிக் சங்கத்தின் செயலாளரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று தெரியும். அவர் பல் மருத்துவர், நல்ல மனிதர், யாரும் வலியில் இருப்பதைப் பார்க்கப் பொறுக்காதவர். ஆனால் அது உண்மையில்லை. என் கை கால் நன்றாகத்தான் ஓடின.

முதலில் விதிகளைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் சங்கம் வருடத்துக்கு ஒரு முறை மேடை மேஜிக் போட்டி நடத்துகிறது. நான் பொறுப்பெடுப்பதற்கு முன் அது ஒரு கூத்து. மாமன் மச்சானுக்கு மதிப்பெண் போடுவார், மச்சான் அடுத்த வருடம் மாமனுக்குப் போடுவார். ஒரு முறை நடுவரின் மடியில் புறா எச்சமிட்டுவிட்டது என்று ஒருவருக்கு ஐந்து மதிப்பெண் குறைத்தார்கள். எந்தத் தலைப்பின் கீழ் குறைத்தீர்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு முறை போட்டிக்கே வராத ஒருவருக்கு மூன்றாம் பரிசு போனது. மாயமாக மறைந்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து முப்பத்திரண்டு விதிகள் எழுதினேன். கைத்திறனுக்கு எவ்வளவு, புதுமைக்கு எவ்வளவு, பத்து நிமிடம் தாண்டினால் எவ்வளவு கழிவு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வந்தது. முதலில் கேலி செய்தவர்கள் பிறகு பக்கத்து ஊர்ப் போட்டிகளுக்கும் அதையே வாங்கிக்கொண்டு போனார்கள். சங்கத்தில் இளைஞர்கள் எனக்கு 'விதி மாமா' என்று பெயர் வைத்தார்கள். கிண்டலாக வைத்த பெயர்தான். எனக்குப் பிடித்துப் போயிற்று.

விதி பதினான்கு ஆபத்தான நிகழ்ச்சிகளுக்கானது. பூட்டு, தண்ணீர், நெருப்பு எதுவானாலும், போட்டியாளர் தன் அபாய சைகை என்ன என்பதை ஒரு படிவத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பாதுகாப்பு அலுவலரிடம் தர வேண்டும். அவர் ஒருவர்தான் அதைப் படிக்கலாம், ஏனென்றால் சைகை தெரிந்தால் வித்தையின் ரகசியமும் பாதி தெரிந்துவிடும். சாவி அவரிடம்தான் இருக்கும். சைகை வந்தால் அவர் சிவப்பு விளக்கைப் போட்டு நிறுத்துவார். வேறு யாராவது மேடையேறித் தொட்டால் போட்டியாளர் தகுதி இழப்பார்.

அந்த விதி ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடத்துக்கு முன் நான் போட்டியாளனாக இருந்தேன். எனக்குத் திருமணமாகி நான்கு மாதம். என் மனைவிதான் மேடையில் உதவியாள். ஆள் உயர இரும்புப் பீப்பாய், விளிம்பு வரை தண்ணீர், மூடியில் ஆறு பூட்டு, சுற்றித் திரை. பீப்பாயின் கழுத்து வளையத்தில் இருக்கும் ஆணிகள் போலி. உள்ளிருந்து திருகினால் பூட்டோடு சேர்ந்து மூடியே கழன்று வரும். உள்ளே இருக்கும்போதும், வெளியே வந்த பிறகும், நான் பீப்பாயைத் தட்டிக்கொண்டே இருப்பேன். பார்ப்பவர்கள் நான் உள்ளே தவிக்கிறேன் என்று நினைப்பார்கள். அன்று நான் தட்டுவதை நிறுத்தினேன். சும்மா, ஒரு பரபரப்புக்காக. உள்ளே அமைதியாக எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபது வந்ததும் வெளியே வருவதாகத் திட்டம். நாற்பத்தொன்று எண்ணியிருந்தேன். அதற்குள் என் மனைவி கடப்பாரையை எடுத்துவந்து மூடியை நெம்பித் திறந்துவிட்டாள். வெளி உதவி என்று என்னைத் தகுதி நீக்கம் செய்தார்கள். சட்டைக் கைக்குள்ளிருந்து நாற்பது குடை எடுத்த ஒருவர் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நான் மேடையேறவில்லை.

என் மனைவியை நான் திட்டியதில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்வேன், கடைசியில் "இவ அவசரப்பட்டுட்டா" என்று முடிப்பேன், எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சிரிப்பாள். ஒரே ஒரு முறை, மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில், விருந்தாளிகள் போன பிறகு, "உங்க உதடு நீலமா இருந்துச்சுங்க" என்றாள். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். குழந்தை அதைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது.

மகளுக்கு இருபத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பழைய சாமான் அறையிலிருந்து என் பீப்பாயை அவளே உருட்டிக்கொண்டு வந்தாள். இந்த வருடம் கலந்துகொள்கிறேன் என்றபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் விதி நான்கின்படி உறவினருக்கு நடுவராக இருக்க முடியாது. எனவே விலகிக்கொண்டேன், மதிப்பெண் போடாத ஒரே பொறுப்பான பாதுகாப்பு அலுவலர் வேலையை எடுத்துக்கொண்டேன். செயலாளர் தயங்கினார்.

"பொண்ணு உள்ள இருக்கும்போது நீங்க சாவியோட வெளிய நிக்கணுமே சார். மனசு கேக்குமா? வேற யாரையாவது போட்டுடலாமே."

"என்னைவிட விதி தெரிஞ்சவர் யார் இருக்கா?" என்று கேட்டேன். அவர் என் பெயரையே எழுதிக்கொண்டார்.

போட்டியன்று காலை பீப்பாயைப் பரிசோதித்தேன். மகள் அதற்கு நீல நிறத்தில் இரண்டு பூச்சு அடித்திருந்தாள். அழகாக இருந்தது. கழுத்து வளையத்தின் இடுக்கில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகம் இறங்கவில்லை. பெயிண்ட் இடுக்கில் இறங்கிக் காய்ந்திருந்தது. வெளியிலிருந்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடும். உள்ளே, தண்ணீருக்குள், கையை மடக்கிக்கொண்டு திருகினால் விடுமா என்பது வேறு விஷயம். பரிசோதகர் பார்வையாளருக்கு ஆபத்து உண்டா என்று மட்டும் பார்க்கலாம், போட்டியாளருக்கு ஆலோசனை சொல்லக்கூடாது. அது விதி ஒன்பது. வேறு யாருடைய பிள்ளையாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். படிவத்தில் 'சரி' என்று குறித்தேன்.

பிறகு அவளுடைய உறையைப் பிரித்தேன். அவள் கையெழுத்து குண்டுகுண்டாக இருக்கும். 'தட்டும் சத்தம் கேட்கும்வரை நான் நலம். சத்தம் நின்று, இருபது எண்ணுவதற்குள் திரை விலகவில்லை என்றால் திறந்துவிடவும்' என்று எழுதியிருந்தாள். அபாய சைகை என்ற இடத்தில் ஒரே வார்த்தை. அமைதி.

படிவத்தோடு மேடைக்குப் பின்னால் போனேன். அவள் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இது சைகையே இல்லையே. சும்மா இருக்கிறது எப்படி சைகையாகும்?" என்று கேட்டேன்.

"முடியாதப்ப மனுஷங்க சும்மாதானப்பா ஆயிடுவாங்க. கை அசைக்க முடிஞ்சா நானே வெளிய வந்துடுவேனே." ஹேர்பின்னை வாயிலிருந்து எடுத்தாள். "அம்மா அன்னைக்கு அதைப் பாத்துதான் திறந்தாங்க."

"உங்கம்மா அவசரப்பட்டா."

"இந்தத் தடவை நீங்க வெளிய நிக்கறீங்கல்ல. சத்தம் நின்னா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்." என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "அதான் சாவி உங்ககிட்ட இருக்கறது நல்லதுன்னு எனக்குத் தோணுச்சுப்பா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் அம்மாவும் மகளும் எத்தனை வருடமாக இதைப் பேசி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் வீட்டில், நான் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம், என் முதுகுக்குப் பின்னால் வேறொரு கதை இருந்திருக்கிறது. எனக்கு வலித்தது. அதையும் குறித்துக்கொள்ளலாம்.

நான் மேடைப் படியில் நின்ற இரண்டு தொண்டர்களிடம் போய், நிகழ்ச்சி நடக்கும்போது யார் வந்தாலும் விடக்கூடாது, சொந்தக்காரர்களை முக்கியமாக விடக்கூடாது என்று சொன்னேன். விதியில் இருப்பதுதான்.

மாலை மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு அவள் முறை வந்தது. முந்நூறு பேர் இருந்தார்கள். பீப்பாய்க்குள் இறங்கினாள், தண்ணீர் விளிம்பு வழிந்தது, மூடியைப் போட்டு நான்தான் ஆறு பூட்டையும் பூட்டினேன். திரையை இழுத்து, கடிகாரத்தை அழுத்தினேன். தட்டும் சத்தம் உடனே ஆரம்பித்தது. நன்றாகத் தட்டினாள், என்னைவிட நன்றாக. நான்கு நிமிடம் தட்டினாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் தண்ணீருக்குள் யாரும் அவ்வளவு நேரம் தட்ட முடியாது. ஒரு நிமிடம் ஐம்பது நொடியில் சத்தம் நின்றது.

எண்ண ஆரம்பித்தேன்.

அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவர்களில் ஒருவரான, பொம்மையைப் பேசவைக்கும் வித்தைக்காரர் குனிந்து ஏதோ எழுதினார். பிறகு அவருடைய தாளைப் பார்த்தேன். 'எதிர்பார்ப்பு' என்ற தலைப்பில் பத்துக்குப் பத்து. மூன்றாவது வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு அசைந்தது. அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபதில் எழுந்து நின்றாள்.

"ஏங்க. திறங்க."

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள், ஏற்பாடு செய்த ஆள் என்று நினைத்து. நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

"சத்தம் நின்னு போச்சுங்க. திறந்துடுங்க."

அவள் ஓடிவந்தாள். தொண்டர்கள் பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை அவளிடம் கடப்பாரை இல்லை, கைப்பை இருந்தது, அதைக்கொண்டு ஒருவரை முகத்தில் அடித்தாள். பின்வரிசையில் கை தட்டினார்கள்.

சாவி என் உள்ளங்கையில் இருந்தது. திரைக்கும் எனக்கும் நான்கு அடி. செயலாளர் பக்கவாட்டிலிருந்து, "சார், இது சரியா போகுதா?" என்று கிசுகிசுத்தார். நான் தலையசைத்தேன். இருபதில் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அமைதியாகிவிட்டால் ஆபத்து என்று நானே முந்நூறு பேர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். என் மனைவி முப்பத்தொரு வருடம் முன் செய்தது சரி என்று ஆகிவிடும். ஆகவே தொடர்ந்து எண்ணினேன். நாற்பத்தொன்றைக் கடந்தேன். அறுபதைக் கடந்தேன். வித்தைக்கு விதி கொடுத்த அவகாசம் பத்து நிமிடம், பத்தாவது நிமிடத்தில் சிவப்பு விளக்கைப் போட்டேன், ஒரு நொடிகூடத் தவறவில்லை. பூட்டுகளை வரிசையாகத் திறந்தேன். ஆறு பூட்டும் ஒரே தடவையில் திறந்தன, கை நடுங்கியிருந்தால் அது நடக்குமா?

மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைத்தான் சொன்னார்கள். "எல்லாம் விதி. நம்ம கையில என்ன இருக்கு." நான் ஆமாம் என்றேன். பதினான்கு என்றும் சொன்னேன், துக்கத்தில் உளறுகிறேன் என்று எண்ணிக்கொண்டார்கள். என் கதையைக் கேட்டுச் சிரிக்க இனி என் மனைவிக்கு அவசியமில்லை. அவள்தான் உங்களிடம் வந்தாள் என்று நினைக்கிறேன். தவறில்லை. புகார் செய்யும் உரிமை விதி முப்பதில் இருக்கிறது.

கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். அதற்கு முன் ஒரு திருத்தம். இரண்டாவது பக்கத்தில், அன்று பீப்பாய்க்குள் பரபரப்புக்காக அமைதியாக எண்ணிக்கொண்டிருந்தேன், நாற்பத்தொன்று வரை எண்ணினேன் என்று நான் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். எண்ணியது உண்மை. அதற்கடுத்து என் நினைவில் இருப்பது மேடைப் பலகையின் ஈர வாசனை, என் நெஞ்சை இரண்டு கையாலும் குத்திக்கொண்டிருந்த என் மனைவியின் முகம், என் வாயிலிருந்து வழிந்த தண்ணீர். நாற்பத்திரண்டு என்ற எண்ணை நான் எண்ணவே இல்லை. அது எனக்கு முப்பத்தொரு வருடமாகத் தெரியும், மேடையில் சாவியோடு நின்று நாற்பத்திரண்டு என்று எண்ணியபோதும் தெரியும்.