மூலை எடுக்காத சதுரம்

சதுரக் குழி போடுவதுதான் சிரமம். வட்டம் யார் கைக்கும் வரும். குழி குடைகிற ரூட்டர் மெஷினின் பிட், அதாவது வெட்டும் அலகு, சுற்றிக்கொண்டே மரத்துக்குள் இறங்குகிறது. சுற்றுகிற பொருள் மூலையில் போய் நின்றாலும் வளைவைத்தான் விட்டுவரும். சதுரம் வேண்டுமென்றால் நாலு பக்கமும் மெஷினை ஓட்டிவிட்டு, மூலைகளை உளியால் ஒவ்வொன்றாகக் கொத்தி எடுக்க வேண்டும். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள் சார். மற்றது எளிதாகப் புரியும்.

என் மாமனார் நாற்பது வருஷம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை முழுதாகப் போனபிறகு, இரண்டரை வருஷத்துக்கு முன், எங்களோடு வந்து தங்கினார். என் பட்டறை வீட்டை ஒட்டியே இருக்கிறது. மனைவி காலையில் அலுவலகம் கிளம்பியதும் அவர் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். மாலை வரை அங்கேதான். மெஷின் சத்தத்தை வைத்தே, "பிட்டு மழுங்கிடுச்சு மாப்பிள்ளை" என்பார். கழற்றிப் பார்த்தால் மழுங்கித்தான் இருக்கும்.

அவருக்கு நாலு வகை மாத்திரை. டப்பாவில் போட்டால் எது எதுவென்று தெரியாமல் தடுமாறினார். மனைவிதான் கேட்டாள்.

"விரலால தடவினாலே தெரியற மாதிரி ஒரு பலகை பண்ணிக் குடுங்களேன். அப்பா யாரையும் எதிர்பார்க்காம இருப்பாரு."

பலகையில் நாலு குழி. இடத்தை வைத்து அடையாளம் கண்டால் போதாதா என்றேன். பலகையைத் துடைத்துவிட்டு யாராவது திருப்பி வைத்துவிடுவார்கள், வடிவம்தான் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வட்டத்தில் வயிற்று எரிச்சலுக்கானது, எரியும்போது போட்டுக்கொள்ளலாம். சதுரத்தில் இதயத்துக்கானது; காலையில் ஒன்று, அதற்குமேல் கூடாது. அதிகமானால் துடிப்பு அடங்கிவிடும் என்று டாக்டர் என்னையும் மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னார். முக்கோணத்தில் மூட்டு வலிக்கு, நீளக் குழியில் சத்து மாத்திரை. நாலும் ஏறக்குறைய ஒரே அளவு.

முதல் பலகையைக் கொடுத்தேன். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அடி மேடும் பள்ளமுமா இருக்கே மாப்பிள்ளை."

இரண்டாவதில், "இது வட்டமா? முட்டையில்ல?" என்றார். மூன்றாவதில் முக்கோணம் மற்றதைவிட ஒரு முடி அளவு ஆழம். நாலாவதில் விளிம்பு பிசிறு. ஐந்தாவதை வாங்கித் தடவிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு, பிசிறு என்றே மறுபடியும் சொல்லியிருக்கலாம்.

அவர் பொய்யாகக் குறை சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றுமே இல்லை. கிழவர் உளறுகிறார் என்று விட்டிருப்பேன். சொன்னதெல்லாம் சரி. ராத்திரி பகலாக நான் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்துப் பிடிக்க முடியாததை, பார்வையில்லாத மனிதர் ஒரு சுற்றில் பிடித்தார். மனைவியிடம் சொன்னால், "அப்பா சொல்றது சரிதானே, அதுல என்ன கோபம்?" என்பாள். அவள் சொன்னதும் சரி. அந்த வீட்டில் எல்லோரும் சரியாகவே இருந்தார்கள்.

அப்புறம் ஒரு அம்மா வந்தார். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்பவர். அறுபது அலமாரிக் கதவுகள் வேண்டும்; கைப்பிடி கிடையாது, விரல் நுழைத்து இழுக்கக் குழி. மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தேன். அவருக்குப் பிடித்துவிட்டது. பேசி முடிக்கும் நேரத்தில் வாசலிலிருந்து குரல்.

"குடும்மா, நானும் பாக்கறேன்."

பார்க்கிறேன் என்றார். அந்த அம்மாவும் கொடுத்தார்.

"இடது பக்கம் மெஷின் ஒரு நொடி தயங்கி நின்னிருக்கு. சின்னதா ஒரு பள்ளம் விழுந்திருக்கு பாரும்மா."

அந்த அம்மா தடவினார். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். யோசித்துச் சொல்வதாகப் போனவர் திரும்ப வரவே இல்லை. "குறைய மறைச்சு ஆர்டர் வாங்கினா நாளைக்கு உங்களுக்குத்தானே கெட்ட பேரு," என்றார் மாமா. என் நல்லதுக்குத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆறாவது பலகையில் அவருக்கு ஒரே ஒரு குறைதான். சதுரத்தின் மூலை விரலைக் கீறுகிறதாம்.

"கொஞ்சம் மழுக்கிக் குடுங்க."

மழுக்கினேன். புதுப் பலகை எடுத்து, என்னிடமிருந்ததிலேயே தடிமனான பிட்டைப் போட்டேன். குழி இரண்டு விரல் அகலம் என்றால் பிட் ஒன்றரை விரல் தடிமன். நாலு பக்கமும் ஓட்டினேன். உளியைத் தொடவில்லை. கண்ணால் பார்த்தால் சதுரம் என்று சொல்லிவிடலாம். விரலுக்கு அது வட்டம். அடியைக் கண்ணாடிபோல் தேய்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் குழி போட்டதில்லை.

மனைவி அலுவலகப் பயிற்சிக்காக மூன்று நாள் வெளியூர் போயிருந்தாள். மாத்திரைகளை நான்தான் நிரப்பினேன். இடம் மாற்றிப் போட்டேனா என்று நேற்று உங்கள் ஏட்டு கேட்டார். இல்லை. எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருந்தது. அந்த மாதிரிப் பித்தலாட்டம் எனக்கு வராது.

வயதாகிவிட்டது, இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தப் பலகையைத் தடவிப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கே உங்களிடம் வந்துவிட்டாள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். 'தச்சரின் கைத்தவறால் குழிகளின் வடிவம் ஒன்றுபோல் அமைந்து' என்று இருக்கிறது. அது இருந்தால் நான் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று வக்கீலும் சொல்கிறார். இருந்தாலும் அந்த ஒரு சொல்லை அடித்துவிடுங்கள் சார். இரண்டரை வருஷம் கைத்தவறு, கைத்தவறு என்று கேட்டாகிவிட்டது. அந்தப் பலகையில் தவறே கிடையாது.

அவரே சொன்னார். அன்று காலை மடியில் வைத்து நிதானமாகத் தடவினார்.

"வழுவழுன்னு இருக்கு. இப்பத்தான் மாப்பிள்ளை உங்க கைக்கு வேலை வந்திருக்கு."

அப்போதே பலகையை வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் விரல் இன்னொரு முறை சுற்றியது.

"வட்டம் ரெண்டு இருக்கற மாதிரி தோணுதே. எரிச்சலுக்கு எது?"

அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துச் சதுரத்துக்குள் வைத்தேன்.

"இதுதான் மாமா."

மதியம் சாப்பிட்டதும் எரிகிறது என்று ஒன்று போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, இன்னும் எரிச்சல் அடங்கவில்லை, இன்னொன்று போடட்டுமா என்றார். போடுங்கள் என்றேன். அப்புறமும் கேட்டார். அதற்கப்புறமும் கேட்டார். கடைசியில், தலை சுற்றுகிறது, மெஷின் சத்தம் தாங்கவில்லை என்றார். உடனே நிறுத்திவிட்டு, கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தேன்.

ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் போட்டார். பெரியவர் பேச்சை நான் ஒருநாளும் தட்டியதில்லை.