நீர்க்கட்டி

நகம் வளர்ந்தால் எனக்குப் பிடிக்காது சார். வாரம் இரண்டு முறை ஒட்ட வெட்டிவிடுவேன். வேப்பந்தட்டைப் பக்கம் பன்னிரண்டு வருஷமாக மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறேன்; தோள்வரை கையை உள்ளே விடுகிறவனுக்கு நகம் ஆகாது.

எத்தனை ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கும். உள்ளே கைவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினால் பட்டென்று உடையும். அடுத்த பருவத்தில் சினை பிடித்துவிடும். பெரம்பலூர் பயிற்சி முகாமில் ஒரு டாக்டர், அதெல்லாம் பழைய முறை, உள்ளே ரத்தம் கொட்டும், விட்டுவிடுங்கள் என்றார். சினைப்பைச் சதை இறுகிக் கிடந்தால் அதற்குள் இருக்கும் கருமுட்டைப் பைகள் வளராமல் தூங்கும், இறுக்கம் தளர்ந்தால்தான் வளரும் என்று சொன்னவரும் அவரேதான். கை வைக்காமல் இறுக்கத்தை எப்படித் தளர்த்துவதாம்? படித்தவர்களுக்குக் கைப்பழக்கம் போதாது.

எனக்கும் ஜெயசித்ராவுக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தை இல்லை. அரியலூரில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னதும் அதே வார்த்தைதான்: நீர்க்கட்டி. எனக்கு மனசு லேசாகிவிட்டது. அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நான் வாங்கவில்லை.

சித்திரையில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை செய்தேன். மனுஷிக்கு மேலிருந்துதான் அழுத்த முடியும். அடிவயிற்றில் முழங்காலை ஊன்றி முழு எடையையும் இறக்க வேண்டும். திமிறினால் கட்டி நழுவிவிடும் என்பதால் மாட்டுக் கயிற்றால் கைகளைக் கட்டிலோடு கட்டினேன். வாயில் துண்டு வைத்தது அக்கம்பக்கத்துக்காக. இரண்டு நாள் நிமிர்ந்து நடக்கமாட்டாள்; நான்தான் சோறு வடித்தேன். அவள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

ஆனிக் கடைசியில் மூன்றாவது முறை. மதியம் கயிற்றை எடுத்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நாள் தள்ளிப்போயிருக்குங்க. இன்னைக்கு மட்டும் வேணாங்க."

நீர்க்கட்டி இருந்தால் நாள் தள்ளத்தான் செய்யும். அதைப் பொறுமையாக விளக்கிவிட்டுத்தான் கட்டினேன். அன்று கொஞ்சம் கூடுதலாக அழுத்தினேன். உள்ளே ஏதோ விட்டுப்போனது முழங்காலுக்கே தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. வயிறு உப்பி உதடு வெளுத்தபோதும், கட்டி உடைந்தால் சோர்வு இருக்கும் என்று படுக்கவைத்துவிட்டு டீ போட்டேன். நாலு மணிக்கெல்லாம் போய்விட்டாள்.

அவள் அண்ணன் கலையரசன் என்னைக் கொலைகாரன் என்கிறான். வருத்தத்தில் பேசுகிறான். என் கையால்தான் போனாள், மறுக்கவில்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பிரேதப் பரிசோதனையில் ஆறு வாரக் கரு இருந்ததாக நீங்கள்தானே சொன்னீர்கள். அதையும் இதில் எழுதிக்கொள்ளுங்கள் சார். இரண்டாவது தடவையிலேயே அவளுக்குச் சினை பிடித்துவிட்டது.